துணைக்கு வந்தவர் யார்?

சனிக்கிழமை வகுப்புக்கு அவர் எப்போதும் பத்து நிமிடம் முன்னதாக வந்துவிடுவார். இரவுப் பணி முடித்து, வீட்டுக்குப் போய்க் குளித்து, இரண்டு பஸ் மாறி வருகிறவர். தலைமைக் காவலர், பதினோரு ஆண்டுகளாக நிலைய எழுத்தர். வகுப்பில் எல்லோரும் அவரை ஏட்டையா என்றுதான் அழைப்பார்கள், நானும் அப்படியே. குற்றவியல் முதுகலையின் இறுதி ஆய்வேட்டுக்கு அவர் எழுதிக் கொண்டுவந்த தலைப்பு இது: 'சைபர் குற்றங்கள் பெருகுவதற்கான காரணங்களும் தடுப்பு வழிமுறைகளும் – ஓர் ஆய்வு.'

"உங்கள் நிலையத்தில் போன ஆண்டு இப்படி எத்தனை வழக்கு எழுதினீர்கள்?" என்று கேட்டேன்.

"எங்களிடம் அதிகம் தங்காது மேடம். 1930 என்ற சைபர் உதவி எண்ணுக்குப் பேசச் சொல்வோம், மாவட்ட சைபர் பிரிவுக்கு அனுப்பிவிடுவோம்."

"அப்படியானால் ஏன் இந்தத் தலைப்பு?"

"எல்லோரும் இதைத்தான் எடுக்கிறார்கள். சீக்கிரம் ஒப்புதல் கிடைக்கும் என்றார்கள்."

அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான ஷோத்கங்காவில் தேடினால் இதே அச்சில் வார்த்த தலைப்புகள் வரிசையாக வரும்: ஒரு குற்றம், ஒரு மாவட்டம், கடைசியில் 'ஓர் ஆய்வு'. காவல் பணியில் கேள்வி மேலிருந்து வருகிறது, பதில் கீழிருந்து போகிறது. இருபது ஆண்டுகள் அப்படியே இருந்துவிட்ட ஒருவரிடம் 'உங்களுக்கு என்ன தெரிந்துகொள்ள வேண்டும்' என்று கேட்டால், அவர் பத்திரிகையில் அன்றைக்குப் பெரிய எழுத்தில் இருப்பதைத்தான் சொல்வார். அதனால் 'உங்களுக்கு எதில் ஆர்வம்' என்று நான் காவலர்களிடம் கேட்பதை விட்டுவிட்டேன். பணி முடிந்து வீட்டுக்குப் போன பிறகும் மனதை விட்டுப் போகாமல் கிடந்தது எது என்று கேட்கிறேன். அதற்குப் பெரும்பாலும் உடனே பதில் வராது. அடுத்த வாரம் வரும், சில சமயம் தேநீர் இடைவேளையில், யாரும் பக்கத்தில் இல்லாதபோது.

ஏட்டையாவிடம் அன்று வேறொன்று கேட்டேன். "ஒருவர் மனுவோடு உங்கள் மேசைக்கு வருகிறார். எழுத வேண்டியது எஃப்.ஐ.ஆரா, சி.எஸ்.ஆர். ரசீதா என்பது எந்த இடத்தில் முடிவாகிறது?"

அவர் வெகுநேரம் பேசவில்லை.

காவல்துறைக்கு வெளியே இருப்பவர்களுக்கு இந்த இரண்டுக்கும் உள்ள தூரம் தெரியாது. முதல் தகவல் அறிக்கை எழுதிவிட்டால் வழக்கு பிறந்துவிட்டது. அது நீதிமன்றத்துக்குப் போகும், புலனாய்வு நடந்தாக வேண்டும். சி.எஸ்.ஆர். என்ற சமுதாய சேவைப் பதிவேட்டில் ஏற்றினால் மனு பெறப்பட்டதற்கு ஒரு ரசீது கிடைக்கும். விசாரணை நடக்கலாம், சமாதானம் ஆகலாம், அப்படியே அடங்கியும் போகலாம். பிடியாணை இல்லாமலே கைது செய்யத்தக்க குற்றம் நடந்ததாகத் தகவல் வந்தால் எஃப்.ஐ.ஆர். பதிவு செய்வது கட்டாயம் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2013 நவம்பரில் தீர்ப்புச் சொன்னது. குடும்பத் தகராறு, வணிகத் தகராறு, மருத்துவ அலட்சியம் போன்ற சில வகைகளில் மட்டும் முதற்கட்ட விசாரணைக்கு இடம் கொடுத்தது. பிறகு, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு அந்தக் கதவைச் சற்று அகலமாகத் திறந்தது. மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றங்களில், டி.எஸ்.பி.யின் அனுமதியோடு, 14 நாட்களுக்குள் முதற்கட்ட விசாரணை செய்யலாம்.

ஆய்வாளனுக்கு இது அரிய வாய்ப்பு. ஒரு குறிப்பிட்ட தேதியில் விதி மாறியிருக்கிறது. அதற்கு முன்பு ஓர் ஆண்டு, பின்பு ஓர் ஆண்டு என்று எடுத்து, மனு வந்த நாளுக்கும் எஃப்.ஐ.ஆர். எழுதிய நாளுக்கும் இடையிலான நாட்களை எண்ணினால், அந்த விதி தரையில் என்ன செய்தது என்பது தெரிய ஆரம்பிக்கும். அதற்கான பதிவேடுகளைத் தன் கையால் எழுதிய மனிதர் என் எதிரில் உட்கார்ந்துகொண்டு சைபர் குற்றத்தைப் பற்றி எழுதப் போவதாகச் சொல்கிறார்.

"அதை எழுத முடியாது மேடம்," என்றார் கடைசியில். "எழுதினால் நான் எங்கே போய் நிற்பேன்?"

இந்தப் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. வெளியிலிருந்து வரும் ஆய்வாளர் எழுதிவிட்டுப் போய்விடலாம். சீருடையில் இருப்பவர் திங்கட்கிழமை காலை அதே நிலையத்துக்குத் திரும்ப வேண்டும். துறையின் நடத்தை விதிகள் இருக்கின்றன, அனுமதி வாங்க வேண்டும், அனுமதி தருகிறவர் தலைப்பைத்தான் முதலில் படிப்பார். ஆனாலும் பயத்துக்குத் தக்கபடி கேள்வியை எங்கே வைப்பது என்று யோசிக்க முடியும். 'மனுக்களைப் பதிவு செய்ய மறுக்கும் காவல் நிலையங்கள்' என்று எழுதினால் அது குற்றச்சாட்டு, எந்த எஸ்.பி.யும் கையெழுத்துப் போட மாட்டார். 'மனு வருகைக்கும் பதிவுக்கும் இடைப்பட்ட காலம்: சட்ட மாற்றத்துக்கு முன்னும் பின்னும்' என்று எழுதினால், அந்த விடை எஸ்.பி.க்கும் தேவைப்படும். இதை நான் தந்திரமாகச் சொல்லவில்லை. இரண்டாவது கேள்விதான் உண்மையிலேயே நல்ல கேள்வி, ஏனென்றால் அதற்கு விடை என்ன வரும் என்று கேட்பவருக்கு இன்னும் தெரியாது.

தலைப்பைத் தேர்ந்தெடுப்பதில் நான் விடாப்பிடியாக இருப்பது இந்த ஓர் இடத்தில்தான். 'ரோந்து குற்றத்தைக் குறைக்கிறது என்று நிறுவப் போகிறேன்' என்று வருகிறவரிடம், குறைக்கவில்லை என்று தெரிந்தால் அதை எழுதுவீர்களா என்று கேட்பேன். தயங்கினால் அந்தத் தலைப்பு வேண்டாம்.

கன்சாஸ் சிட்டி கதையை ஒவ்வோர் ஆண்டும் வகுப்பில் சொல்கிறேன். 1970-களின் தொடக்கத்தில் அந்த அமெரிக்க நகரத்தின் தெற்கு ரோந்துப் பிரிவுக் காவலர்கள் ஒரு குழுவாக உட்கார்ந்து பேசினார்கள். பள்ளிகளைச் சுற்றிச் சிறுவர்களால் ஏற்படும் தொல்லையைக் கவனிக்க ஆள் ஒதுக்கலாமா என்பது பேச்சு. ஆளை எடுத்தால் ரோந்து குறையும், ரோந்து குறைந்தால் குற்றம் கூடும் என்றார்கள் சிலர். கூடும் என்பது நமக்கு எப்படித் தெரியும் என்றார்கள் மற்றவர்கள். அந்த வாக்குவாதத்திலிருந்து பிறந்ததுதான் காவல் ஆய்வு வரலாற்றில் அழிக்க முடியாத இடம் பிடித்த அந்தச் சோதனை. 1972 அக்டோபர் முதல் 1973 செப்டம்பர் வரை 15 ரோந்துப் பகுதிகளை மூன்றாகப் பிரித்தார்கள். ஐந்தில் வழக்கமான ரோந்து. ஐந்தில் அழைப்பு வந்தால் மட்டும் வண்டி உள்ளே போகும். ஐந்தில் இரண்டு மூன்று மடங்கு ரோந்து. ஆண்டு முடிவில் குற்ற எண்ணிக்கையிலோ, மக்களின் அச்சத்திலோ, காவல்துறை மீதான திருப்தியிலோ சொல்லிக்கொள்ளும்படி வேறுபாடு இல்லை. ரோந்தே வீண் என்று அதற்குப் பொருள் இல்லை. குற்றம் குவியும் சிறு இடங்களில் கவனித்து நிறுத்திய ரோந்து பயன் தருகிறது என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. ஆனால் அந்தப் பின்னால் வந்தவை எல்லாம், யாரோ சில காவலர்கள் ஒரு கூட்டத்தில் 'நமக்கு எப்படித் தெரியும்' என்று கேட்டதால் வந்தவை.

நம் ஊரில் இரவு ரோந்து போகிறவர்கள் வங்கி வாசலிலும் நகைக்கடை வாசலிலும் தொங்கும் பட்டா புத்தகத்தில் நேரம் குறித்துக் கையெழுத்துப் போடுகிறார்கள். ஓர் ஆண்டுக் கையெழுத்துகளை விரித்து வைத்து, எந்த இடத்தில் எந்த மணிக்குக் காவலர் நின்றார், குற்றம் எந்த மணிக்கு எங்கே நடந்தது என்று பொருத்திப் பார்த்த ஓர் ஆய்வேடு இன்னும் என் மேசைக்கு வரவில்லை. யாராவது கொண்டுவருவார்கள் என்று காத்திருக்கிறேன்.

பணியில் இருந்துகொண்டே ஆய்வு செய்தவர்களுக்கு வேறு சான்றுகளும் உண்டு. கலிபோர்னியாவின் ரியால்டோ என்ற சிறிய ஊரின் காவல் தலைவர் டோனி ஃபரார், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக முதுகலைப் படிப்புக்காகத் தன் சொந்தக் காவலர்களின் உடலில் கேமரா மாட்டினார். 2012-இல் தொடங்கி ஓராண்டு, 988 பணிமுறைகளை (ஷிப்ட்) குலுக்கல் முறையில் கேமரா உள்ளவை, இல்லாதவை என்று பிரித்தார். கேமரா இல்லாத பணிமுறைகளில் காவலர் பலத்தைப் பயன்படுத்திய நிகழ்வுகள் சுமார் இரண்டு மடங்கு. உலகம் முழுவதும் கேமரா பேச்சு சூடு பிடித்ததற்கு அந்த மாணவ ஆய்வு ஒரு காரணம். பிறகு வாஷிங்டன் நகரில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட காவலர்களை வைத்து நடந்த சோதனை 2017-இல் வெளியானபோது, அங்கே அப்படி ஒரு விளைவும் தெரியவில்லை. இரண்டையும் சேர்த்துத்தான் மாணவர்களிடம் சொல்கிறேன்.

இந்தியாவில் என் மனதுக்கு நெருக்கமானது ராஜஸ்தான். அங்கே 11 மாவட்டங்களில் 162 காவல் நிலையங்களில் ஒரு பெரிய சோதனை நடந்தது. பொருளாதார அறிஞர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்ளோ ஆகியோரோடு அதை நடத்தியவர்களில் ஒருவர் நீனா சிங்; ராஜஸ்தான் பிரிவு ஐ.பி.எஸ். அதிகாரி, பின்னாளில் 2023-இல் மத்திய தொழில் பாதுகாப்புப் படையின் முதல் பெண் தலைமை இயக்குநர் ஆனவர். இடமாற்றத்தை நிறுத்திவைப்பது, பயிற்சி, வார ஓய்வு, பணிச் சுழற்சி, ஊர்க்காரர் ஒருவரை நிலையத்தில் பார்வையாளராக உட்கார வைப்பது எனப் பலவற்றைச் சோதித்தார்கள். பயிற்சியும் இடமாற்ற நிறுத்தமும் பயன் தந்தன. வார ஓய்வும் பணிச் சுழற்சியும் பார்வையாளரும் எடுபடவில்லை. அவை நிலையப் பொறுப்பாளரின் அதிகாரத்தைச் சற்றுக் குறைப்பவை. தாளில் இருந்தது நிலையத்தில் முழுதாக நடக்கவில்லை. அதே குழு பின்னர் குடிபோதை ஓட்டுநர்களைப் பிடிக்கும் சோதனைச் சாவடிகளை ஆராய்ந்தது. இடம் மாற்றி மாற்றி வைத்த சாவடிகள் இரவு விபத்துகளை 17 சதவீதமும் இரவு விபத்து மரணங்களை 25 சதவீதமும் குறைத்தன. எப்போதும் ஒரே இடத்தில் வைத்த சாவடிகளால் கணிசமான பயன் இல்லை. நம் நெடுஞ்சாலைகளில் தடுப்பு எங்கே இருக்கும் என்று உள்ளூர் மோட்டார் சைக்கிள்காரர்கள் எல்லோருக்கும் தெரியும் என்பதை இங்கே நினைத்துக்கொள்கிறேன்.

தமிழ்நாட்டில் 2021-இல் காவலர்களுக்கு வார ஓய்வு அளிக்க அரசு ஆணையிட்டது. ராஜஸ்தான் கதையைப் படித்த எந்தக் காவலருக்கும் உடனே ஒரு தலைப்பு தோன்ற வேண்டும்: ஆணையில் இருக்கும் ஓய்வு, பணிப் பட்டியலில் எத்தனை வாரம் ஓய்வாகவே இருந்தது, எத்தனை வாரம் பந்தோபஸ்துக்குப் போனது? திருவிழா, தலைவர் வருகை, தேர்வு மையம் – எது அதிகம் தின்றது? இதற்கு வேண்டியது ஒரு பேனாவும் பணிப் பட்டியலும்தான்.

இங்கே என் தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும். கற்பிக்கத் தொடங்கிய காலத்தில் ஓர் அதிகாரிக்கு 'பொதுமக்களின் திருப்தி' பற்றிக் கேள்வித்தாள் ஆய்வுக்கு ஒப்புதல் கொடுத்தேன். அவர் படிவங்களை நிலையத்திலேயே, சீருடையோடு, மனு கொடுக்க வந்தவர்களிடம் நீட்டினார். கட்டாக வந்த படிவங்களில் ஏறக்குறைய எல்லோரும் 'மிகவும் திருப்தி' என்ற கட்டத்தில் டிக் போட்டிருந்தார்கள். ஒரு பாட்டி கைநாட்டு வைத்திருந்தார். கேள்வியை அவருக்கு யார் படித்துக் காட்டினார்கள் என்று கேட்டேன், அந்த அதிகாரியேதான். மனுவின் தலையெழுத்து யார் கையில் இருக்கிறதோ அவர் முன்னால் வேறு எந்தக் கட்டத்தில் அந்தப் பாட்டி கை வைக்க முடியும்? அந்தக் கட்டை நான் நிராகரித்திருக்க வேண்டும். நிராகரிக்கவில்லை, அது பட்டமாகிவிட்டது. அதன் பிறகு, மக்களிடம் கருத்துக் கேட்கும் தலைப்பை ஒரு காவலர் கொண்டுவந்தால், கேட்கப் போவது யார், எந்த இடத்தில், எந்த உடையில் என்பது முடிவாகாமல் நான் கையெழுத்துப் போடுவதில்லை.

அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் பணியாற்றும் ஓர் எஸ்.ஐ. என்னிடம் படிக்கிறார். 1992-இல் சென்னை ஆயிரம் விளக்கில் தமிழ்நாட்டின் முதல் மகளிர் நிலையம் தொடங்கியதிலிருந்து வரலாற்றை எழுதி, பெண்களுக்கு எதிரான குற்றங்களின் ஐந்தாண்டுப் புள்ளிவிவரத்தைச் சேர்ப்பது அவருடைய முதல் திட்டம். புள்ளிவிவரத்துக்குத் தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் அட்டவணைகள். அந்த அட்டவணைகளில் ஒரே எஃப்.ஐ.ஆரில் பல குற்றங்கள் இருந்தால் மிகக் கொடிய ஒன்றுதான் எண்ணப்படும். பாலியல் வன்கொடுமை செய்து கொன்றால் அது கொலைக் கணக்கில் ஏறும். இதை அறியாமல் அந்த எண்களைக் கூட்டிக் கழிப்பதில் பயனில்லை என்று சொன்னேன். பிறகு வழக்கமான என் கேள்வியைக் கேட்டேன்.

மூன்று வாரம் கழித்துச் சொன்னார்: "சமாதானமாகப் போகிறோம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிற பெண்கள் மேடம். சிலர் மறுபடி வருவார்கள். வராதவர்களைத்தான் நினைத்துக்கொள்வேன். நன்றாக இருப்பதால் வரவில்லையா, வர முடியாததால் வரவில்லையா?"

இதைவிட நல்ல ஆய்வுக் கேள்வியை நான் கேட்டதில்லை. அதே சமயம், இவ்வளவு ஆபத்தான ஆய்வும் இல்லை. மனுவில் உள்ள கைப்பேசி எண் இப்போது யார் கையில் இருக்கும்? காவல் நிலையத்திலிருந்து அழைப்பு வந்தது என்று தெரிந்தால் அன்றிரவு அந்த வீட்டில் என்ன நடக்கும்? அலமாரிச் சாவி தன்னிடம் இருப்பதாலேயே அதற்குள் இருக்கும் பெண்களின் வாழ்க்கையைத் தன் பட்டத்துக்காக எடுத்துப் புரட்டலாமா? இவற்றைப் பேசிப் பேசி, அந்தப் பெண்களைத் தேடிப் போவதில்லை என்ற முடிவுக்கு வந்தோம். மாறாக, திரும்பி வந்தவர்களின் பழைய மனுக்களை மட்டும், பெயர் நீக்கி, துறை அனுமதியோடு படிப்பது. முதல் சமாதானத்தின்போது என்ன எழுதப்பட்டது, என்ன எழுதப்படாமல் விடப்பட்டது என்று பார்ப்பது. மத்தியப் பிரதேசத்தில் 180 காவல் நிலையங்களில் பெண்கள் உதவி மையங்களை வைத்து நடந்த ஆய்வு, பெண் அதிகாரிகள் நடத்திய மையங்களில் எஃப்.ஐ.ஆர். பதிவு கூடியதைக் காட்டியது. பதிவேட்டில் ஏறுவதும் ஏறாததும் மேசைக்குப் பின்னால் இருப்பவரைப் பொறுத்தது என்பதற்கு அதையும் படிக்கச் சொன்னேன். கேள்வி சிறிதாகிவிட்டது, அவருக்கு வருத்தம்தான். யாருக்கும் தீங்கு வராமல் பதில் தேடக்கூடிய அளவுக்கு அது சிறிதாக வேண்டியிருந்தது.

இடமாற்றத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். தேர்தல் நெருங்கினால், ஒரே மாவட்டத்தில் மூன்றாண்டு முடித்த அதிகாரிகளை மாற்றச் சொல்வது தேர்தல் ஆணையத்தின் வழக்கம். பாதி ஆய்வில் வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டு, பழைய நிலையத்தின் பதிவேடுகளைப் பார்க்க முடியாமல் தவித்தவர்கள் உண்டு. அதனால் புதிய இடத்துக்கும் கூடவே வரக்கூடிய கேள்வியா என்று முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும். உச்ச நீதிமன்றம் 2016-இல் இட்ட உத்தரவின்படி, உணர்வுபூர்வமான வழக்குகள் தவிர மற்ற எஃப்.ஐ.ஆர்.கள் இணையத்தில் ஏற்றப்படுகின்றன. அவற்றை வைத்துச் செய்யும் ஆய்வை எந்த இடமாற்ற ஆணையும் தடுக்காது.

ஏட்டையா அடுத்த சனிக்கிழமையும் பத்து நிமிடம் முன்னதாக வந்தார். கையில் ஒரு நாற்பது பக்க நோட்டு. ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டிருந்தார், பதிவேடு எழுதுகிறவருக்கே வரும் நேர்த்தியோடு: மனு வந்த தேதி, மணி, மனுவின் வகை, சி.எஸ்.ஆர். தேதி, எஃப்.ஐ.ஆர். தேதி, முடிந்த விதம். பெயருக்குக் கட்டம் இல்லை. நான் சொல்லாமலே விட்டிருந்தார்.

கடைசிக் கட்டத்தின் தலைப்பை இரண்டு முறை படித்தேன். 'துணைக்கு வந்தவர்.'

"இது பதிவேட்டில் இருக்காதே," என்றேன்.

"இருக்காது மேடம். ஆனால் மனு எந்தப் பக்கம் போகும் என்று எனக்கு அதை வைத்துத்தான் தெரியும். வக்கீலோடு வந்தாரா, கவுன்சிலரோடு வந்தாரா, தனியாக வந்தாரா." சற்று நிறுத்தி, "தனியாக வந்தவர் மனு கொஞ்சம் தாமதமாகும் என்பது என் எண்ணம். தப்பாகவும் இருக்கலாம்," என்றார்.

பழைய பதிவேட்டிலிருந்து இதை எடுக்க முடியாது, இனிமேல்தான் குறிக்க வேண்டும். அவரே குறித்தால், குறிக்கிறவரும் மனுவை எழுதுகிறவரும் ஒருவரே ஆகிவிடுவார். தனியாக வந்தவரின் மனுவை அன்றிலிருந்து அவர் விரைந்து எழுதத் தொடங்கிவிடவும் கூடும். வரவேற்பு மேசையில் இருக்கும் பெண் காவலர் குறிக்கலாமா என்று கேட்டார். அவருக்கு எதற்காக என்று சொல்ல வேண்டுமா, சொல்லாமல் செய்வது சரியா என்று நான் கேட்டேன். வக்கீல் வாசலிலேயே நின்றுகொண்டால் அதைத் துணை என்று எண்ணுவதா என்று அவர் கேட்டார். மற்ற மாணவர்கள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். அன்றைக்கு நடத்த வேண்டிய பாடத்தை எடுத்து வைத்துவிட்டு, அந்த ஒரு கட்டத்தை எப்படி நிரப்புவது என்று மாலை ஐந்து மணி வரை எல்லோருமாகப் பேசிக்கொண்டிருந்தோம்.